கொட்டாவிக் காக்கா காகமான கதை

கொட்டாவிக் காக்கா காகம் இல்லை. இதை இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போகக்கூடிய ஆள் இன்று எந்த வேலையிலும் இல்லை. எனக்கும் அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிகிற தெம்பு குறைந்துவிட்டது.

பள்ளிக்கூடங்களில் பரிசளிப்பு விழா என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். மாலை போட்டுக் கதிரையில் இருத்துவார்கள். எல்லாம் முடியும் நேரத்தில் ஒரு பிள்ளை எழும்பி, "அந்தக் காகம் உங்களுக்கு எப்பிடிக் கிடைச்சது?" என்று கேட்கும். நான் சமைக்கிற நேரம் எங்கள் குசினிச் சுவரில் வந்து இருந்த காகம் என்று சொல்வேன். இருபது வருஷமாக அதே பதில். ஒருமுறை உவர்மலைப் பக்கமிருந்து ஒரு ஆசிரியை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முழுப்பேரையும் வரிசையாக எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டா. அத்தனை பேரும் குசினி வாசலில் நின்று சுவரைப் பார்த்தார்கள். பாசி பிடித்த வெறும் சுவர். காகம் வரவில்லை. பிள்ளைகளோ வரும் என்று நம்பி அசையாமல் நின்றார்கள். எனக்கு நின்ற இடத்திலேயே குந்திவிட வேண்டும் போல அலுப்பாக இருந்தது. ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

உண்மையில் நடந்தது இதுதான்.

அப்போது எனக்குப் படிப்பிக்கிற வேலை மூதூரில். வீடு திருகோணமலையில், துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கைக்குள். கணவர் துறைமுகத்தில் கிளாக்கர். இரண்டு பிள்ளைகளும் சின்னவர்கள். ஆறு மாதத்தில் டவுனுக்கு இடமாற்றம் தருவதாகச் சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். ஒன்பது வருஷம் போய் வந்தேன்.

நாலு மணிக்கு எழும்புவேன். இடியப்பம் அவித்து, மத்தியானச் சோற்றையும் கறியையும் வைத்து மூடி, சின்னவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஜெட்டிக்கு ஓட வேண்டும். ஏழு மணிக்கு மூதூர் போகிற இஞ்சின் படகு, லாஞ்சி. குடாவைக் கடக்க ஒன்றேகால் மணித்தியாலம், மாரி காலத்தில் அதற்கும் மேலே. தெறிக்கிற தண்ணீரில் சேலைக்கரை நனைந்து, உப்புப் பிடித்து விறைத்துப்போய், பள்ளிக்கூடம் விடும்வரை காலில் உரசிக்கொண்டே இருக்கும். பின்னேரம் அதே லாஞ்சியில், தயிர்ச்சட்டிகளுக்கும் நெல்லு மூட்டைகளுக்கும் நடுவில் இடம் பிடித்துத் திரும்பி வருவேன். வந்து பார்த்தால் வீட்டில் காலையில் விட்ட வேலை விட்ட இடத்திலேயே நிற்கும்.

அந்த லாஞ்சியில் கயிறு போடுகிறவர், டிக்கற் கிழிக்கிறவர், தபால் பையைத் தூக்குகிறவர் எல்லாம் ஒரே ஆள். மூதூர் முஸ்லிம் மனிதர், நாற்பது வயதிருக்கும். அங்கே முஸ்லிம் ஆட்கள் தமையனைக் காக்கா என்பார்கள். கொஞ்சம் மூத்த ஆண்கள் யாராக இருந்தாலும் காக்காதான். லாஞ்சியில் வந்த தமிழ் ஆட்களும் அவரை அப்படியே கூப்பிட்டோம். வெள்ளைக்காரரின் கடற்படை இங்கே இருந்த காலத்தில் டொக்யாட்டில் வேலை செய்தவர். அவர்கள் கப்பலேறிப் போனபோது அந்த வேலையும் போய்விட்டது. அதற்குப் பிறகு லாஞ்சிக்கு வந்தவர்.

அவர் விடுகிற கொட்டாவியைப் போல ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதலில் தோள் இரண்டும் மேலே போகும். பிறகு தாடை திறக்கத் தொடங்கும். இதோடு நிற்கும் என்று நினைக்கிற இடத்தைத் தாண்டியும் திறக்கும். கடைவாயில் பல் விழுந்த இடங்கள்கூடத் தெரியும். கடைசியில் வருகிற சத்தம் இஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கேட்கும். உடனே முன் வாங்குப் பலகையில் இருக்கிறவருக்குக் கொட்டாவி வரும். அவருக்குப் பக்கத்தில் இருக்கிறவருக்கு வரும். துறைமுக வாயைத் தாண்டுவதற்குள் லாஞ்சி முழுவதும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

மூதூரில் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்த ஒரு கிளாக்கர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "காக்கா, அந்த வாயைக் கொஞ்சம் பொத்துமன். நாங்கள் கந்தோரில போய் வேலை செய்ய வேணாமோ?" என்றார்.

"நான் பொத்துறன் தொரை," என்றார் அவர். "அது திறக்குதே."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த மனிதர் ஏன் ஒவ்வொரு நாளும் இப்படிக் கொட்டாவி விடுகிறார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

நான் படிப்பித்தது இரண்டாம் வகுப்பு. மத்தியானத்துக்குப் பிறகு கடைசிப் பாடத்தில் பிள்ளைகளுக்கும் நித்திரை, எனக்கும் நித்திரை. தகரக் கூரை கொதிக்கும். ஒருநாள் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நானே பெரிதாகக் கொட்டாவி விட்டுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சமாளிப்பதற்காக, "இது என்ர இல்லை, லாஞ்சியில ஒரு கொட்டாவிக் காக்கா இருக்கிறார், அவர் தந்துவிட்டது," என்றேன். அப்படித்தான் கதை தொடங்கியது. கொட்டாவிக் காக்கா வாயைத் திறந்தால் எதிரில் இருப்பது தூங்கிவிடும். அலையைப் பார்த்துக் கொட்டாவி விட்டால் அலை படுத்துவிடும். கப்பலைப் பார்த்து விட்டால் கப்பல் ஒரு பக்கமாகச் சரிந்து குறட்டை விடும். கடைசியில் லாஞ்சியின் இஞ்சினே தூங்கிப்போய், நடுக்கடலில் எல்லாரும் சேர்ந்து கொட்டாவியை நிறுத்தச் சொல்லிக் கத்துவார்கள். பிள்ளைகள் அடுத்த நாளும் கேட்டார்கள், அதற்கடுத்த நாளும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்ல அலுப்பாக இருந்ததால் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன்.

பள்ளிக்கூடம் பார்க்க வந்த வித்தியாதிகாரி ஒருவர் அந்தக் கொப்பியை வாங்கிக்கொண்டு போனார். யாழ்ப்பாணத்தில் அவருக்குத் தெரிந்த அச்சகம் ஒன்று சிறுவர் புத்தகம் போட விருப்பமாக இருந்ததாம். எட்டு மாதம் கழித்து, நான் அதை மறந்துபோயிருந்த நேரத்தில், பள்ளிக்கூட விலாசத்துக்கு ஒரு பார்சல் வந்தது.

பிரித்துப் பார்த்தேன். அட்டையில் பெரிய எழுத்தில் "கொட்டாவிக் காக்கா". அதற்குக் கீழே கட்டம் போட்ட சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, லாஞ்சியின் முனையில் குந்தியிருந்து வாயைப் பிளந்தபடி ஒரு காகம்.

என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. படம் கீறியவருக்கு முழுக்கதையும் கொடுக்கவில்லை. தலைப்பும், எந்தப் பக்கத்துக்கு என்ன படம் என்று எழுதிய ஒரு தாளும் மட்டும் போயிருக்கிறது. "காக்கா லாஞ்சியின் முனையில் குந்தியிருக்கிறார். காக்கா வாயைத் திறக்கிறார்." குந்துவதும் வாயைத் திறப்பதும் காகம் செய்கிற வேலைதானே. "இருக்கிறார்" என்ற மரியாதையும் அவரை யோசிக்க வைக்கவில்லை. சிறுவர் கதைகளில் நரியாரும் முயலாரும் வருவது வழக்கம். தாளில் இருந்த சாரத்தையும் துவாயையும் காகத்துக்கே உடுத்தி, கை என்று இருந்த இடத்திலெல்லாம் சிறகு கீறியிருந்தார். அழகாகவும் கீறியிருந்தார், அதுதான் கொடுமை.

தலைமையாசிரியர் கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். பக்கத்தில் இருந்த மூதூர் ஆசிரியர், இஸ்லாம் படிப்பிக்கிற மௌலவி, சிரிக்கவில்லை. புத்தகத்தை மெல்ல மூடிவைத்து, "டீச்சர், இத அந்த மனிசனுக்குக் காட்டிப் போடாதீங்க. பாவம்," என்றார்.

அச்சகத்துக்குக் கடிதம் எழுதினேன். படம் மிக நன்றாக அமைந்திருப்பதாகவும் பிள்ளைகள் விரும்பி வாங்குவதாகவும் பதில் வந்தது.

நான் காட்டாவிட்டால் என்ன, பிள்ளைகளுக்குக் கண் இல்லையா? இந்தக் காக்கா எந்தக் காக்கா என்று என் வகுப்புக்குத் தெரியும். ஒரு கிழமைக்குள் மூதூர் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. லாஞ்சி ஜெட்டியை நெருங்கும்போது கரையில் பிள்ளைகள் நின்று, "கா! கா!" என்று கத்துவார்கள். அவர் தன்பாட்டுக்குக் கயிற்றை எறிவார். நான் இறங்கிப்போய்ப் பிள்ளைகளை ஏசினேன். இரண்டு பேருக்கு அடியும் போட்டேன். அடுத்த நாள் கொஞ்சம் தள்ளி நின்று கத்தினார்கள். அவர் துவாயைத் தலையிலிருந்து அவிழ்த்து, வாயை மூடிக் கட்டிக்கொள்ளத் தொடங்கினார். துவாய்க்குப் பின்னால் தாடை விரிவது தெரியும். சத்தம் வராது.

மூன்று கிழமை நான் பின்பக்க வாங்கில், மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்திருந்து போனேன். பிறகு ஒருநாள் டிக்கற்றைக் கிழித்துத் தந்தவர் போகாமல் நின்றார்.

"டீச்சர், அந்தப் பொத்தகம் ஒண்டு எடுக்கலாமா?"

"காக்கா, அது நான் கீறின படம் இல்லை. நான் உங்களைத்தான், மனிசராத்தான் எழுதினனான். அவையள் பிழையா விளங்கி..."

"தெரியும். மௌலவி சொன்னாரு." அவர் என் முன்னால் பலகையில் குந்தினார். "முதல் கிழமை மனசு நொந்துதான் போச்சு. பொய் சொல்ல மாட்டன். இப்ப அதில்ல. என்ட மகள் கேக்கிறா. பக்கத்து வீட்டுப் புள்ளயள் சொல்லி அவக்குத் தெரிஞ்சு போச்சு. வாப்பாட பொத்தகம் எண்டு ஒரே அழுகை."

"மகள் எந்த வகுப்பு?"

"அவ பள்ளிக்கூடம் வாறதில்ல. மூச்சு முட்டு. ஏழு வயசு."

அன்றைக்குத்தான் கேட்டேன். அந்தப் பிள்ளைக்கு இரவில் படுக்க ஏலாது. படுத்தால் மூச்சு நின்றுவிடும் போல இழுக்கும். பகல் முழுவதும் தாய் வைத்துக்கொள்வா. இரவு இவருடைய முறை. சுவரில் சாய்ந்து இருந்துகொண்டு, பிள்ளையை நெஞ்சில் நிமிர்த்தி வைத்துக்கொள்வாராம். அவர் அசைந்தால் அது எழும்பிவிடும். ஐந்தரைக்கு மூதூரிலிருந்து முதல் லாஞ்சி. நாலு வருஷமாக இப்படி.

"காகமெண்டா என்ன டீச்சர்," என்றார். "அதெண்டாலும் ராவைக்குத் தூங்குது."

எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாலு மணிக்கு எழும்புவதைப் பற்றி லாஞ்சி முழுவதற்கும் கேட்கும்படி புலம்பிக்கொண்டு வந்தவள் நான்.

அடுத்த நாள் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மகளுக்குச் சொல்ல வேண்டும், ஒருக்கா வாசித்துக் காட்டுங்கள் என்றார். கடல் அன்றைக்குக் குளம் மாதிரிக் கிடந்தது. வாசித்தேன். அவர் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. ஏதோ சட்டக் கடிதத்தைக் கேட்பது போலக் கேட்டார். நடுவில் படத்தில் விரலை வைத்து, "கயிறு இப்பிடிக் கட்டினா லாஞ்சி நிக்காது டீச்சர். கீறினவர்ட்டச் சொல்லுங்க," என்றார். முடித்ததும் புத்தகத்தை வாங்கி மூடினார்.

"எல்லாத்தையும் தூங்க வச்சாச்சு. இவர் எப்ப தூங்குற?"

அதை நான் எழுதவில்லை. யோசிக்கவே இல்லை. "அடுத்த புத்தகத்தில எழுதுறன்," என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

அந்த மாரியில்தான் அது நடந்தது. கடல் மோசமான ஒரு காலை. மூதூர் ஜெட்டியை அணைகிற நேரம் காக்கா கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்ற நிலையிலேயே தூங்கிவிட்டார். கயிறு போகவில்லை. லாஞ்சி பக்கவாட்டில் ஜெட்டியில் மோதி, எழும்பி நின்ற வியாபாரி ஒருவர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அந்த வியாபாரி எழுதிக் கொடுத்த முறைப்பாட்டில் இந்த ஆள் எப்போதும் வேலை நேரத்தில் தூங்குகிறவர் என்றும், சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தில்கூட அது வந்திருக்கிறது என்றும் இருந்தது.

விசாரணைக்கு என்னையும் லாஞ்சிக் கந்தோருக்கு வரச்சொன்னார்கள். நான் போனபோது காக்கா வெளி வாங்கில், இஸ்திரி போட்ட சேர்ட்டுடன் இருந்தார். உள்ளே பொறுப்பதிகாரியின் மேசையில், பைலுக்குள் என்னுடைய புத்தகம். மூலைகள் மடிந்து, பின்னட்டையில் பால் சிந்திய கறையோடு இருந்தது. அதிகாரியுடைய வீட்டுப் புத்தகம்தான்.

"என்ர மகன் இதை வாசிக்காமல் படுக்க மாட்டான், டீச்சர்," என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "இதில வாறது இந்த ஆள்தானே? நீங்கள் தினமும் லாஞ்சியில கண்டதைத்தானே எழுதியிருக்கிறியள்?" என்றார்.

ஓம் என்று சொன்னால் வேலை போய்விடும். இல்லை என்றால் நான் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். கதவு திறந்தே கிடந்தது. வெளியில் இருந்த அவருக்கு நான் சொல்வது கேட்கும்.

"ஐயா, படத்தைப் பாருங்கோ," என்றேன். "இது காகம்."

அவர் பார்த்தார்.

"காக்கா எண்டு போட்டிருக்கே?"

"காகத்தைப் பிள்ளையள் காக்கா எண்டுதானே சொல்லுதுகள். எங்கட குசினிச் சுவரில ஒரு காகம் வந்து இருக்கும். வெயிலுக்கு வாயைத் திறந்தபடி இருக்கும். அதைப் பார்த்து எழுதினனான். இதில மனிசர் எங்க இருக்கிறார்?"

"சாரம் கட்டியிருக்கே."

"அது படம் கீறினவற்ற கற்பனை, ஐயா."

வகுப்பில் பொய் சொன்ன பிள்ளையை முழங்காலில் நிற்க வைக்கிறவள் நான். அன்றைக்கு ஒரு தடக்கல் இல்லாமல் சொன்னேன். பிறகு கேட்காமலே, அந்த மனிதருடைய வீட்டில் இருக்கும் மூச்சு முட்டுகிற பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். அது முழு உண்மை. எதை அதிகாரி நம்பினார் என்று தெரியாது. புத்தகத்தைப் பைலிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். காக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, லாஞ்சியிலிருந்து எடுத்து, மூதூர் ஜெட்டியில் சாமான் கொட்டிலைப் பார்க்கிற வேலைக்குப் போட்டார்கள்.

வெளியே வந்து இரண்டு பேரும் ஜெட்டிப் பக்கம் நடந்தோம். பாதி வழியில் அவர், "டீச்சர், குசினிச் சுவர்லயா?" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ரோட்டில் நின்று சிரித்தோம்.

ஆனால் சொன்ன பொய் சொன்னதுதான். அடுத்த பதிப்புக்கு முன்னுரை கேட்டபோது குசினிச் சுவரைத்தான் எழுத வேண்டியிருந்தது. அந்த அதிகாரி பேசுகிற ஆள், எங்கும் அந்தச் சுவர்க் கதையைச் சொல்லிவிட்டிருந்தார். நான் மாற்றிச் சொன்னால் அந்தப் பைலை மறுபடி திறப்பார்களோ என்ற பயம் இருந்தது. புத்தகம் நான் நினைக்காத இடங்களுக்கெல்லாம் போனது. மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் பிள்ளைகள் காகம் கீறி அனுப்பினார்கள். இரண்டாவது, மூன்றாவது புத்தகங்களும் எழுதினேன். அவற்றில் அது முழுக்கக் காகமாகவே இருந்தது. கூடு கட்டியது, மழையில் நனைந்தது. அவர் கேட்ட அந்தத் தூக்கத்தை மட்டும் எழுத வரவில்லை. பலமுறை தொடங்கினேன். காகத்தைக் கிளையில் இருத்திக் கண்ணை மூட வைப்பேன். அடுத்த வரி வராது. வீட்டு வேலைக்கு எழும்பிப் போய்விடுவேன்.

ஒன்பதாவது வருஷம் டவுனுக்கு மாற்றம் கிடைத்தது. அதோடு லாஞ்சிப் பயணமும் அவரைக் காண்பதும் நின்றுபோயின. யாராவது மூதூர் ஆட்களைக் கண்டால் விசாரிப்பேன். கொட்டிலில்தான் இருக்கிறார் என்பார்கள்.

போன வருஷம், நான் ஓய்வு பெற்று ஆறேழு மாதமிருக்கும், ஆஸ்பத்திரியில் பிறசர் கிளினிக்குக்குப் போயிருந்தேன். இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு வாங்கில் இருந்தபோது, பக்கத்தில் இருந்த கிழவர் என் பக்கம் திரும்பி, "டீச்சர்தானே?" என்றார். எனக்கு உடனே ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. தாடி முழுக்க வெள்ளை. பல் ஒன்றும் இல்லை. குரலை வைத்துத்தான் பிடித்தேன்.

மகளைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். கேட்கவே பயமாக இருந்தது.

"அவவுக்கென்ன, நல்லா இருக்கிறா. பதினாலு வயசோட அந்த முட்டு தன்பாட்டுல குறைஞ்சு போச்சு. கிண்ணியாவுல கட்டிக் கொடுத்தாச்சு. ரெண்டு புள்ள." அவர் கையில் இருந்த துண்டை மடித்தார், விரித்தார். "அந்தப் பொத்தகத்த இன்னும் வச்சிருக்கிறா. அட்டை போயிட்டு."

"காக்கா, நான் அண்டைக்குச் சொன்ன பொய்யை இனி விட்டிடலாமெண்டு பாக்கிறன். உண்மையை எழுதட்டோ?"

"எழுதுங்க. எனக்கு இனி யாரு என்ன செய்யிற? பேர மட்டும் போடாதீங்க."

"இப்ப நல்லாத் தூங்குறியள்தானே?"

அவர் துண்டைச் சேர்ட்டுப் பைக்குள் வைத்தார்.

"ஏலாது டீச்சர். புள்ளைக்குச் சுகமான புறகு படுத்துப் பாத்தன். பாயில மல்லாந்து படுத்தா நெஞ்சு வெறுமையாக் கிடக்குது. எழும்பிச் சுவர்ல சாஞ்சா கொஞ்சம் கண் அயருது. மூச்சுச் சத்தம் கேக்காட்டித் திடுக்கிட்டு முழிச்சிடுவன். யார்ட மூச்சு எண்டு தேடுவன். பொஞ்சாதி ஏசுவா." இதைக் குறையாகச் சொல்லவில்லை. முழங்கால் வலியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். "மருந்து தந்தாங்க. அது சரி வரல்ல."

டொக்டரிடம் விபரமாகச் சொல்லுங்கள் என்றேன். சொல்லுறன் என்றார். என்னுடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய்ப் பிறசர் பார்த்து, கூடிவிட்டது என்று ஏச்சும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் அப்போதும் வாங்கில்தான் இருந்தார். அவர் வந்தது வேறு கிளினிக்குக்கு, அவருக்கு முன்னால் இன்னும் பதினைந்து பேராவது இருக்கும். மருந்து எடுக்கிற வரிசை இன்னொரு பக்கம் நீண்டு கிடந்தது. நான் அதில் போய் நின்றேன்.